இறங்க மறுத்த இருக்கை

கால் தசைகள் செத்துக்கொண்டிருக்கின்றன, ஆறு மாதத்தில் கைகளும் போய்விடும் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில்தான் சென்னியப்பன் அந்தச் சிவப்பு நிற இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். ஊன்றுகோலோடு நடந்தால் பரிதாபமாகப் பார்க்கிற அதே ஊர், சிக்னலில் அவரைச் சூழ்ந்துகொண்டு செல்போனில் படமெடுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முகத்திலும் இரக்கம் இல்லை. பொறாமை மட்டும்தான் இருந்தது. அதற்காகவே தினமும் மாலையில் கிளம்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பியபோது, கேட்டைத் தாண்டியதும் பிரேக்குக்கு நகர வலது கால் மறுத்தது. தொடையை இரண்டு கைகளாலும் தூக்கி வைத்து அழுத்தினார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மனைவி வசந்தாமணியின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி கார் நின்றது.

அவள் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தாள். தரையை ஒட்டியிருந்த இருக்கையிலிருந்து அவரைத் தூக்கக் கை நீட்டினாள்.

"எறங்குங்க."

அவர் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"எறங்குனா நான் நோயாளி, வசந்தா."

அவள் குனிந்து அவருடைய வலது காலைப் பார்த்தாள். பிறகு சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"செரி, வண்டிய எடுங்க" என்றாள்.