மொழி சொல்லாமல் வந்தவர்

ஆம்பூரில் நயீம் அகமது பாயின் ஷூ கம்பெனிக்கு நான்கு மொழிகளில் வெப்சைட் செய்து கொடுத்தேன். திறப்பவரின் ஃபோன் எந்த மொழியில் இருக்கிறதோ, பக்கமும் அந்த மொழியில் திறக்கும். எந்த மொழியும் சொல்லாமல் ஒருவர் வந்தால் காட்டுவதற்குத்தான் டீஃபால்ட் மொழி. அப்படி யாரும் வரமாட்டார்கள். தமிழை வைத்தேன்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்கு, கம்பெனியில் சங்கு ஊதும்போது, வெப்சைட்டில் பெயரில்லாமல், ஃபோனின் மொழியும் பதிவாகாமல், ஒரு விசாரணை தமிழில் வந்தது.

“நாற்பத்திரண்டாம் சைஸ் பழுப்பு ஷூ. இடது காலும் வேண்டும்.”

சாம்பிளுக்கு அங்கே வலது கால் மட்டும்தான் தைப்பார்கள். ஆர்டர் உறுதியானால்தான் ஜோடி.

டீஃபால்ட்டை ஆங்கிலமாக மாற்றினேன். அடுத்த நாள் அதே நேரம், அதே வரி ஆங்கிலத்தில் வந்தது. ஜெர்மன் வைத்தேன். ஜெர்மனில் வந்தது. செட்டிங்கில் தவறில்லை, என் வேலையில் தவறு வராது.

பாயிடம் சொன்னேன்.

“இதுல இன்னாம்மா பேஜாரு? கஸ்டமர் கேட்டா தெச்சுக் குடுக்கணும்” என்றார்.

அன்றே இடது காலைத் தைக்கச் சொல்லி, சாம்பிள் ரூம் அலமாரியில் ஏற்கெனவே இருந்த வலது காலின் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் சங்கு ஊதியது. விசாரணை வரவில்லை.

“பாத்தீங்களா பாய், நின்னுடுச்சு” என்றேன்.

அவர் பூட்டைத் திறந்தார். ஜோடி வைத்த இடத்தில்தான் இருந்தது. கட்டாமல் வைத்த லேஸ் மட்டும் இரண்டிலும் கட்டியிருந்தது. வலது ஷூவுக்குள் கை விட்டேன். சூடாக இருந்தது.

இடதும்.