மூன்று மிதி

மாமா தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் காருக்குள் வைத்தார். பிறகு உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்க மாமா, வேலை இன்னும் முடியல,” என்றேன் பானெட்டுக்கு அடியிலிருந்து.

காதில் வாங்கினால்தானே.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பதினாறு வருஷமாக மலைப்பாதை ரேஸில் ஓட்டுகிறார். ஒருமுறைகூட முதலாவதாக வந்ததில்லை. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். எஞ்சினுக்குப் பின்னால் சுழல்கிற ஃப்ளைவீல் ரொம்பக் கனமாம். எட்டுக் கிலோ இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு எவன் மலை ஏறுவான் என்பார்.

இந்த வாரம் அதைக் கழற்றிவிட்டு, பாதி எடையில் ஒன்றைப் பொருத்தினேன். அதற்குத் தோதாக ரேஸ் கிளட்ச்சும் போட்டேன். இனி ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே எஞ்சின் துள்ளும். ஆனால் கிளட்ச் மிதிக்கிற கால் கொஞ்சம் சுணங்கினாலும் வண்டி நின்ற இடத்திலேயே அணைந்துவிடும்.

அவர் கால் சுணங்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது.

முதலில் செருப்பு கழன்றுகொண்டே இருந்தது. வார் தளர்ந்துவிட்டது என்றார். மாடிப்படியில் தடுக்கி விழுந்தார். கொத்தனார் படியை ஒழுங்காகக் கட்டவில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான்தான் கேலி செய்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

டாக்டர் நரம்பு என்றார். இந்தக் கால், அடுத்தது அந்தக் கால், அப்புறம் கை. மருந்து கிடையாது என்பதை மட்டும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மாமா அதற்கும் மசியவில்லை. பழைய கிளட்ச் இறுகிவிட்டது, அதை மிதித்து மிதித்துத்தான் கால் சோர்ந்திருக்கிறது என்று ஒரே சாதிப்பு. கடைசியில் அக்காவிடம் பந்தயம் கட்டினார். புதுக் கிளட்ச்சை மூன்று தடவை அடிவரைக்கும் மிதித்துக் காட்டுவார். காட்டிவிட்டால் டாக்டர் சொன்னது பொய், ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்குப் போவார். முடியாவிட்டால் காரை விற்றுவிடலாம், அதன் பிறகு அவள் சொல்கிற ஆஸ்பத்திரிக்கு வாயைத் திறக்காமல் வருவார்.

அக்கா ஒத்துக்கொண்டாள். அவளுக்கும் மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்திருக்கும். எனக்கு இருந்தது.

அவள் இப்போது பட்டறை வாசலில் பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

மாமா ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார். திறந்திருந்த பானெட்டின் இடுக்கில், கண்ணாடி வழியாக அவர் கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

“யப்பா, கல்லு மாதிரி இருக்குடா மச்சான்!” என்று கத்தினார். “ஆனா எறங்குது பாரு. ஒண்ணு!”

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

இரண்டாவதற்கு நேரம் பிடித்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

மூன்றாவதற்கு அவர் உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முக்கி முனகி, ஏதோ ஒரு சாமியைத் திட்டி, கடைசியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“மூணு,” என்றார். குரலே எழும்பவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாண போட்டோவில் மட்டுமே நான் பார்த்திருந்த சிரிப்பு.

அக்கா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அழுகையும் சிரிப்புமாக என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்போதுதான் என் கையைப் பார்த்தாள்.

என் விரல்களுக்கு நடுவே கிளட்ச் கேபிளின் நுனி இருந்தது. பெடலிலிருந்து வந்து கிளட்ச்சோடு சேர வேண்டிய கேபிள். கடைசி வேலையாக அதை மாட்டத்தான் நான் கையில் எடுத்திருந்தேன். அதை மாட்டும்வரை பெடலுக்கு எந்தக் கனமும் கிடையாது. கைக்குழந்தை தள்ளினாலும் தரையைத் தொட்டுவிடும்.

மூன்று தடவையும் அந்தக் கம்பி என் விரல்களுக்குள் விட்டு விட்டு, நடுங்கி நடுங்கி நகர்ந்தது. அவர் காலில் மிச்சம் இருந்த பலம் அவ்வளவுதான். நான் அதைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

எங்கள் அப்பாவும் மெக்கானிக். அக்காவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளேயிருந்து மாமா ஹாரன் அடித்தார். “என்ன மச்சான் நின்னுட்ட? சாவியக் குடு, ஸ்டார்ட் பண்ணிப் பாப்போம்.”

அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

“மாட்டிடாதடா,” என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு காரைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய், கதவில் கை வைத்துச் சத்தமாகச் சொன்னாள்.

“நீங்கதாங்க ஜெயிச்சீங்க.”