ஐந்நூறு ஜீபி எங்க?

"என்ர இடத்தில கை வைக்க நீ ஆர் பிள்ளை?"

யோகநாதன் போட்ட சத்தத்தில், முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் நின்ற சனம் கணினிக் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தது. மடிக்கணினியை அவர் மேசையில் வைத்த வேகத்துக்கு அது உடையாமல் இருந்ததே பெரிய காரியம்.

கோபம் வராமல் என்ன செய்யும்? போன கிழமைதான் ஆயிரம் ஜீபி எஸ்.எஸ்.டி ஒன்றை வாங்கி, இந்தக் கடைக்காரி சுதாஜினியிடம் கொடுத்துப் பூட்டுவித்தார். பழைய டிஸ்க்கில் இருந்த வனத் திணைக்கள வரைபடங்களை மாற்றித் தந்தவளும் அவள்தான். இன்றைக்குத் திறந்து பார்த்தால், ஐந்நூறுதான் காட்டுகிறது!

மூன்று மாதம் நாயாற்றுக் காட்டோர வெயிலில் திரிந்து எடுத்த ட்ரோன் படங்கள் அதற்குள் அடங்கவில்லை. நாளைக் காலை மாவட்டச் செயலகக் கச்சேரியில் கூட்டம். பெரியவர்கள் முன்னால் வெறுங்கையோடு நின்றால் மானம் போய்விடும்.

சுதாஜினி கதிரையை விட்டு எழும்பவில்லை. "மிச்சத்தை ஒதுக்கி வைச்சிருக்கிறன் சேர். முழுக்க நிரப்பினால் டிஸ்க் கெதியாப் பழுதாப்போகும். உங்கட நன்மைக்குத்தான்."

"எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியே? பத்து வீதம் விட்டாக் காணுமெண்டு எங்கட திணைக்களக் கந்தோரில சொல்லுறாங்கள். நீ பாதியை விழுங்கி வைச்சிருக்கிறாய்!"

"நானும் பத்தெண்டுதான் தொடங்கினனான். பிறகு எல்லைக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டன்."

"ஆரைக் கேட்டுத் தள்ளினனீ? எனக்கு ஒரு சொல்லுச் சொன்னனியே?" அவர் மேசையில் ஓங்கி அடித்தார். எல்லைக் கல்லுக்கு அடித்தபோது சட்டைக் கையில் பட்டுக் காய்ந்து கிடந்த சிவப்புப் பெயின்ட் பொருக்கு உதிர்ந்து விழுந்தது. "காசு குடுத்து வாங்கினது நான். பில்லும் என்ர பேரில கிடக்கு. பகல் கொள்ளையடி இது!"

"பில் இருக்கலாம் சேர். என்ர கணக்கில அது ஒதுக்கின இடம்."

இப்படியும் ஒரு அநியாயம் உண்டா! யோகநாதன் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார். "இப்பவே திருப்பித் தா!"

"ரெண்டு நிமிச வேலைதான். முதல்ல ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, மூண்டு பிரதி. பரிசீலிச்சுப்போட்டு அறிவிக்கிறன்."

"பரிசீலிக்கவோ? விசரோ உனக்கு? நாளைக்குக் கூட்டமெண்டு சொல்லுறன், நீ விளையாடுறாய்! எனக்கும் உனக்கும் என்ன பகை?"

சுதாஜினி அப்போதுதான் எழும்பினாள். இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த கோபத்தில் அவளுடைய குரல் உடைந்தது.

"நீங்கள் காடெண்டு கல்லுப் போட்ட இடத்துக்குள்ளதான் சேர், எங்கட கிணறு கிடக்கு."