மருமகள் சொன்ன ‘சீ’

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு வேலை பார்க்கும் சதீஷ் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே பியூலா அக்காவின் செல்போன் கடை. சதீஷ் தன் போனுக்கு கிளாஸ் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தான்.

துணிப்பையோடு ஒரு பெரியவர் வந்தார். ராஜபாளையத்தில் எங்கள் தெருக்காரர், ஆவுடையப்பன். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருப்பவர்.

“போன் செத்துக் கெடக்கும்மா. சார்ஜர் வயரு ஒண்ணு கொடு. வத்திராயிருப்புல மக இருக்கா. வாரேன்னு சொல்லணும்.”

“மக வீட்ல விருந்தா அண்ணாச்சி?”

“விருந்து எங்க? இனிமே அங்கதான். மகன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்.”

“ஐயோ, என்னாச்சு?”

“பழைய வயரு அறுந்து போச்சு. எந்த வயரும்மா வாங்கணும்னு மருமககிட்ட கேட்டேன். காதுல விழல. மறுக்கா கேட்டேன். ‘சீ’ன்னுட்டா.”

“வெறும் சீயா?”

“மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, சீ! நாய வெரட்டுற மாதிரி. எம் பொஞ்சாதி இருந்தவரைக்கும் ஒரு நாள் அப்படிச் சொன்னதில்ல.”

“இந்தக் காலத்துப் பொண்ணுங்க…” என்று சதீஷ் முணுமுணுத்தான்.

பியூலா அக்கா போனை வாங்கி, அடியில் சார்ஜ் ஏறும் இடத்தைப் பார்த்தார். ஒரு வயரை எடுத்துச் செருகினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“என்னம்மா சிரிக்கே?”

“அண்ணாச்சி, மருமக உங்கள வையல. வயரு பேரே சி! ஏ, பி, சி… அந்த சி. பழைய போன்லதான் வேற பின்னு. இப்ப வார போனுக்கெல்லாம் சி பின்தான். எது வாங்கணும்னு கேட்டீய, சொல்லிருக்காவ.”

“நெசமாவா?”

“இந்தத் தம்பி போனும் சிதான். கேளுங்க.”

“ஆமாங்கய்யா, சிதான்” என்றான் சதீஷ்.

செத்த நேரத்தில் போன் விழித்தது. அக்கா அதிலிருந்தே மருமகள் யோகேஸ்வரியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் செல்போன் கடையில இருந்து பேசுறேன். சி பின் வயரு வாங்கணும்னு மாமாகிட்ட சொன்னீங்கள்ல? நீங்க வைஞ்சிட்டதா நெனச்சு, அவிய பையத் தூக்கிட்டு வந்துட்டாவ.”

சிக்னல் போய்விட்டது என்று சதீஷ் நினைத்தானாம்.

“ஆமாக்கா” என்றது குரல், மெதுவாக. “சி பின்னுதான் சொன்னேன். மாமா… நான் வெளக்கமா சொல்லிருக்கணும். தப்பு என் மேலதான். அங்கயே இருங்க, நானே கூட்டிட்டுப் போக வாரேன்.”

“எதுக்கும்மா இந்த வெயில்ல? நானே பஸ் ஏறிருதேன்.” பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “எம்புட்டு கூறுகெட்டவன் பாரு நான். சி-யாம்!”

சதீஷுக்கு இது வெறும் காமெடி. எனக்கு எங்கோ இடித்தது.

போன வாரம் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சார்ஜில் கிடந்த அந்தப் போனை எடுத்துப் பார்த்தேன்.

பியூலா அக்கா கொடுத்த வயரே பழைய பின்தான். அந்தப் போனில் சி பின் நுழையவே நுழையாது.