அந்த ஒரு குழாய்

"அந்த ஆளுக்குப் புற்றுநோய் இருக்கணும் சிஸ்டர். இருந்தே ஆகணும்!"

அவள் எந்த எதிரியையும் சபிக்கவில்லை. சொல்லப்போனால், புற்றுநோயை ஒழித்துக்கட்டுகிறேன் என்று ஆராய்ச்சிக்கு வந்தவள். இந்த வார்த்தை தன் வாயிலிருந்தா வந்தது என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

இளம் மருத்துவ ஆராய்ச்சியாளர் விருதுக்கு நடுவர்கள் மாலையில் கூடுகிறார்கள். கிடைத்தால் சொந்தமாக ஓர் ஆய்வகம். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதற்குள் வயது வரம்பு தாண்டி 'இளம்' போய்விடும்.

ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, கணையப் புற்றுநோயை அது தலைகாட்டும் முன்பே பிடித்துவிடலாம். அதுதான் அவள் கண்டுபிடித்த டெஸ்ட். அதை நிரூபிக்க, நோயாளிகளின் ரத்தத்தையும் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தையும் பெயர் இல்லாத குழாய்களில் கலந்து கொடுத்திருந்தார்கள். எது யாருடையது என்பது ரத்தம் எடுத்த சிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் முடிவுகளைச் சிஸ்டர் தன் பட்டியலோடு ஒப்பிட்டபோது எல்லாம் சரியாக வந்தது, ஒரு குழாயைத் தவிர. ஆரோக்கியமான யாரோ ஒருவரை அவளுடைய டெஸ்ட் நோயாளி என்றது. மறுபடி செய்தாள். ரசாயனத்தை மாற்றிச் செய்தாள், மெஷினைக் கழுவித் துடைத்துவிட்டும் செய்தாள். அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

காலையிலேயே பேராசிரியர் கையை விரித்துவிட்டார்.

"நல்லா இருக்கிறவனைப் புடிச்சு நீ நோயாளின்னு சொல்ற டெஸ்டை வச்சு நாக்கா வழிக்கிறது? பேசாம போட்டியிலேருந்து விலகிடும்மா."

"டெஸ்ட் தப்பு இல்ல சார்."

"தப்புன்னு ஒத்துக்கிறதும் விஞ்ஞானம்தான்."

"தப்பு இல்ல சார்! அவருக்கே தெரியாம உள்ள இருக்கு. ஒரே ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

"எடுத்து, ஒண்ணும் இல்லேன்னா?"

நேராகச் சிஸ்டரிடம் ஓடி வந்துவிட்டாள்.

"யாரு சிஸ்டர் அது? வாசல்ல லொக்கு லொக்குனு இருமிக்கிட்டே இருப்பாரே, அந்த வாட்ச்மேன்தானே?"

"யாருன்னு நான் சொல்லக் கூடாது. ரத்தம் குடுத்தவங்களும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியமே வாங்கியிருக்கேன். இந்தக் கட்டடத்துக்குள்ள வர்றவங்க போறவங்க, தெம்பா இருக்கிறவங்களாப் பாத்துத்தான் எடுத்தேன்."

"பேரு வேண்டாம். ஸ்கேனுக்கு மட்டும் அனுப்புங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

சிஸ்டர் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அதை மென்று விழுங்கிவிட்டு, போனைத் தேடி எழுந்து போனார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கணவர் காலையில் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஒரு வாய் கூட இறங்கவில்லை.

பாவம், அவரும்தான் என்ன செய்வார். விருது விருது என்று இவள் வீட்டையே மறந்ததில் சமையலும் அவர் தலையில். வைக்கும்போதே இடுப்பைக் காட்டிச் சிரித்திருந்தார்.

"பாத்தியா விஞ்ஞானி, பெல்ட்ல புதுசா ஒரு ஓட்டை. என் சமையலை நானே தின்னா இப்படித்தான் ஆகும். நீ விருது வாங்குறதுக்குள்ள நான் ஈர்க்குச்சி ஆயிடுவேன்."

கத்தியால் குத்திய கோணல் ஓட்டை. அதற்குக்கூட ஒழுங்காகச் சிரிக்க அவளால் முடியவில்லை. இப்போது அவர் குரலையாவது கேட்கலாம் என்று போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவசரத்துக்கு எடுக்காதவருக்கு எதற்குப் போன் என்று முணுமுணுத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அதையே வேண்டினாள். யாரோ ஒருவர்தானே. முகம் தெரியாதவர்தானே. இருக்கட்டும் கடவுளே, அவருக்கு இருக்கட்டும்.

கதவு படாரென்று திறந்தது. பேராசிரியர் முகமெல்லாம் பல்லாக நின்றார். பின்னால் சிஸ்டர்.

"நீ ஜெயிச்சிட்டேம்மா! கணையத்துல பயறு அளவுக்கு ஒரு கட்டி. இவ்வளவு சின்னதா இருக்கும்போது எந்த டாக்டராலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. உன் டெஸ்ட் தப்பே இல்ல. விருது உனக்குத்தான், எழுதி வச்சுக்கோ!"

அவள் குதித்தாள். அழுதாள். பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

"அந்த மகராசன் எங்க சிஸ்டர்? இப்பவாவது காட்டுங்க, அவர் கால்ல விழணும் நான்."

சிஸ்டர் தலை நிமிரவில்லை.

"ஸ்கேன் ரூம்லேருந்து இப்பத்தான் வந்தார். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கார். அவர்கிட்ட இன்னும் எதுவும் சொல்லலை."

அவள் வராந்தாவுக்கு ஓடினாள். பெஞ்சில் ஒருவர் குனிந்து, ஸ்கேனுக்காகக் கழற்றிய பெல்ட்டைக் கோணலாக இருந்த ஓர் ஓட்டையில் மாட்டப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து சிரித்தார்.

"என்ன விஞ்ஞானி, ஜெயிச்சாச்சா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்து நின்ற பேராசிரியரின் சட்டையைப் பற்றி இழுத்தாள்.

"டெஸ்ட் தப்பு சார்!"