கடிநாய் ஜாக்கிரதை

வேலிக்குப் பின்னாலிருந்து அந்தக் குரைப்பு கிளம்பியதுதான் தாமதம், கதவில் கை வைத்த நிலத் தரகர் அகாலா ஒரே தாவலில் சாலைக்குப் போய்விட்டார். தொப்பி மட்டும் உள்ளே விழுந்து கிடந்தது.

"கட்டிப் போட மாட்டீங்களாய்யா இந்தச் சனியனை?" என்று அங்கிருந்தே கத்தினார்.

வேலியடியில் குந்தியிருந்த ஷிவாச்சி, போனால் போகிறதென்று இன்னொரு உறுமல் உறுமிவிட்டு, முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நாயும் அவர்தான், நாய்க்குச் சொந்தக்காரரும் அவர்தான்.

மராகோலி மலைச்சரிவில் அவருடைய அவகாடோ தோப்பு சந்தைக்குக் குறுக்குவழியாக அமைந்துவிட்டது. 'தனியார் நிலம், உள்ளே வராதே' என்று முதலில் ஒரு பலகை நட்டார். வந்தவர்கள் பலகைக் காலில் ஆட்டைக் கட்டிவிட்டு, தோப்புக்குள் புகுந்து காய் பறித்தார்கள்.

பிறகுதான் ஊர் வழக்கப்படி 'ம்ப்வா காலி' என்று எழுதி வைத்தார். கடிநாய் ஜாக்கிரதை என்று பொருள். காலி என்பதைத் தமிழாக எடுத்துக்கொண்டாலும் பலகை பொய் சொல்லவில்லை. "நாய் எங்கேப்பா, காணோமே?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்ததால், குரைக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

அதில் ஒரே ஒரு கஷ்டம். பக்கத்துத் தோட்டத்து முஹோன்ஜாவை அவருக்குப் பிடித்திருந்தது. இவர் மனைவியை இழந்தவர், அவள் கணவனை இழந்தவள். சர்ச் பாடகர் குழுவில் அவள் பாட எழுந்தால் இவருக்குப் பிரசங்கமே காதில் ஏறாது.

ஆனால் அவள் கதவிலும் அதே பலகை. உள்ளே இருப்பது சாதாரண நாயில்லை. ஒருமுறை கூடை நிறைய அவகாடோவோடு போனவர், அது போட்ட சத்தத்தில் கூடையை வாசலிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். ஞாயிற்றுக்கிழமை இவர் சர்ச்சுக்குத் தாமதமாகி அவள் வாசலைத் தாண்டி ஓடும்போது மட்டும் அது மூச்சே காட்டாது. பக்தியுள்ள நாய் என்று நினைத்துக்கொள்வார்.

அன்று சந்தை நாள். ஒரு கும்பல் இரண்டு தோட்டத்துக்கும் நடுவேலியைப் பிரித்துக்கொண்டிருந்தது. ஷிவாச்சி குரைத்தார். அந்தப் பக்கம் அவள் நாயும் குரைத்தது. கும்பல் ஓடி வெகு நேரமாகியும் அது நிறுத்தவில்லை. ஒரு நாயிடம் தோற்பதா? இவரும் விடவில்லை. கடைசியில் இவருக்குத்தான் குரல் போயிற்று.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனால், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு முஹோன்ஜா நின்றிருந்தாள்.

"உங்களுக்கும் தொண்டையா?" என்றாள் கடைக்காரி அதேமா. "ஊருக்கே ஏதோ காத்து பட்டிருக்கு!"

நாய்த் தொல்லை இல்லாத இடத்தில் இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது. ஷிவாச்சி அவள் பக்கம் நகர்ந்து நின்றார்.

"பாட்டுப் பாடியா இப்படி ஆச்சு?" காற்றுதான் வந்தது.

முஹோன்ஜா இல்லையென்று தலையசைத்தாள். பிறகு கரகரத்த குரலில், "உங்க வீட்டுப் பக்கம் வரணும்னு எத்தனையோ நாள் நெனைச்சிருக்கேன். எங்க விடுது உங்க நாய்? நேத்து கேட்டேனே, அப்பா! ராட்சசன்!" என்றாள்.

ஷிவாச்சிக்குக் காது வரை சூடேறியது. இவள் வரட்டும், ஊரே தோப்புக்குள் வந்தாலும் வரட்டும் என்று துணிந்துவிட்டார்.

"நாயெல்லாம் எதுவும் இல்லீங்க" என்றார். "நான்தான் குரைப்பேன்."

முஹோன்ஜாவின் கையிலிருந்த இருமல் மருந்துப் பாட்டில் அப்படியே நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தாள். வந்த சிரிப்பை அடக்க முடியாமல் கழுத்துத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட மனுஷா! அப்போ நேத்து என்கூடக் குரைச்சது நீங்கதானா?"