எட்டாவது சாப்ட்வேர்

கடைக்கு விடுமுறை விட்டுவிட்டுக் காலையிலிருந்து கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் தையல்காரர். தான் மெட்டமைத்த பாட்டை வீட்டிலேயே பதிவு செய்து, ஐந்து மணிக்குள் இசை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பாடுவது அவர் மனைவி.

“இதுல பட்டன் ஜாஸ்தி. வேற சாப்ட்வேர் பாக்கலாம். இன்னொரு தடவை பாடு.”

“முதல்ல பதிஞ்சதே நல்லாத்தானே இருந்துச்சு?”

“ஃபேன் சத்தம் கேக்குதும்மா. நீ பாடு.”

உட்காருவதும் எழுவதுமாக ஏழு சாப்ட்வேர்களைக் கழித்துக் கட்டினார். நாலு மணிக்கு எட்டாவது கிடைத்தது. கையாளச் சுலபம், ஒலியும் சுத்தம்.

“இதுதான்! பாடு!”

மனைவி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

“ஐயோ, தொண்டை கட்டிக்கிச்சா? என்னாலதான். போச்சு, எல்லாம் போச்சு!”

அவள் போனில் தட்டி அவரிடம் நீட்டினாள்: ‘ஒண்ணும் போகல. முதல்ல பாடினதைக் காலையிலேயே அனுப்பிட்டேன். சொன்னா கத்துவீங்கன்னுதான் சொல்லல.’

அவர் முறைப்பதற்குள் கையிலிருந்த போன் சிணுங்கியது. நிறுவனத்தின் பதில்:

‘பாட்டு பிரமாதம். பாடியவரை இன்று ஆறு மணிக்கு நேரில் வந்து பாடச் சொல்லுங்கள்.’

தையல்காரர் வெந்நீர் வைக்க அடுப்படிக்கு ஓடினார்.